காலி வண்டியின் எடை

ஏப்ரல் தேர்வில் கழித்தல் கணக்கு அத்தனைக்கும் சரி வாங்கிய பிள்ளை. ஜூனில் பள்ளி திறந்து மூன்றாம் நாள், 503-லிருந்து 247-ஐக் கழி என்கிறார் ஆசிரியர். பிள்ளை பென்சிலைக் கடிக்கிறது, கூரையைப் பார்க்கிறது, பிறகு 344 என்று எழுதி நீட்டுகிறது. இடையில் ஓடியது நாற்பது நாள்தான். "மண்டைல ஏத்தினதெல்லாம் வெயில்ல உருகிப் போச்சா?" என்று ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்கிறார். வீட்டில் அம்மாவும் அதையே கேட்கிறார்.

வெயிலில் உருகுவதென்றால் எல்லாமும் அல்லவா உருக வேண்டும்? அதே நாற்பது நாளில் அந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் மறக்கவில்லை. சினிமாப் பாட்டில் ஒரு வரி மறக்கவில்லை. ஐம்பது ரூபாயைக் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் பதினெட்டு ரூபாய் மீதி வர வேண்டும் என்பது மறக்கவில்லை. அதில் இரண்டு ரூபாய்க்குப் பதில் மிட்டாயைத் தள்ளிவிட்டால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறது. ஐம்பதில் முப்பத்திரண்டு போவதும் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குதானே! ஒரே தலைக்குள் ஒரு கழித்தல் உயிரோடு இருக்கிறது, இன்னொன்றைக் காணவில்லை. போனது எது, நின்றது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் மே மாதத்தில் என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.

அதற்காக நாம் போகப்போகும் இடம் வடசென்னையின் சாத்தாங்காடு. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே, ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வியாபாரத்துக்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அமைத்த இரும்பு, எஃகு அங்காடி அங்கே இருக்கிறது. கம்பி, தகடு, ஆங்கிள், சேனல், பைப்பு என்று லாரிகள் ஏற்றிக்கொண்டு போவதும் இறக்கிவிட்டு வருவதுமாக இருக்கும். எதை ஏற்றினாலும் இறக்கினாலும் அங்கே எடை போட்டாக வேண்டும். எடை போடுவது என்பதே ஒரு கழித்தல். அதைப் பார்க்கும் முன், இந்த மறதியை ஏற்கெனவே அளந்து பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிடுவோம்.

தடைக்காலமும் விடுமுறையும்

சாத்தாங்காட்டுக்குத் தெற்கே, காசிமேட்டில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருக்கும் காலம் என்று கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் 61 நாள் தடை. பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அதே வெயிலில்தான் வருகிறது. படகு நிற்கிறதே தவிர, வேலை நிற்பதில்லை. இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், பலகைக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள். புதிதாக ஒரு படகைக் கட்டிவிட மாட்டார்கள். இருக்கிற படகு ஜூன் 15 அன்று ஓட வேண்டும், அவ்வளவுதான்.

படகில் பழுது எங்கே என்று பார்ப்பதுபோல், பள்ளி விடுமுறையில் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று அளக்கும் முயற்சி அமெரிக்காவில் 1906-லேயே தொடங்கிவிட்டது. விடுமுறைக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. தொண்ணூறு ஆண்டு கழித்து, 1996-ல், ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் அப்படிப்பட்ட 39 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பு பின்னால் போயிருந்தது. எனக்கு அந்த ஒரு மாதத்தைவிட அதன் உள்விவரம்தான் முக்கியமாகப் படுகிறது. வாசிப்பைவிடக் கணக்கில் சரிவு அதிகம். கணக்கிலும், கேள்வி எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளும் பகுதியைவிட, கையால் போட்டு முடிக்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலில்தான் சரிவு அதிகம். அதற்குச் சரிசமமாகச் சரிந்த இன்னொன்று, ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்கூட்டல். கூட்டிக் கழித்துப் பார்த்தால், காரணம் பார்க்காமல் அப்படியே மனத்தில் ஏற்றியவைதான் இரண்டிலும் முதலில் கழன்றிருக்கின்றன.

இந்த எண்ணை அப்படியே நம் ஊரில் இறக்கிவிடக் கூடாது. அமெரிக்கக் கோடை விடுமுறை நம்முடையதைவிட நீளம். தவிர, பால் வான் ஹிப்பெல் என்பவர் 2019-ல் இந்தப் பழைய கதையைத் திரும்பக் கிளறி, விடுமுறைக்கு முன் ஒரு வகுப்பின் கேள்வித்தாள், பின் அடுத்த வகுப்பின் கேள்வித்தாள் என்று மாற்றிக் கொடுத்ததாலேயே சில ஆய்வுகளில் சரிவு ஊதித் தெரிந்தது என்று காட்டினார். டேப்பை மாற்றிவிட்டுப் பிள்ளை குட்டையாகிவிட்டது என்றால் எப்படி? விடுமுறையில் மூளை காலியாகிவிடும் என்று பயமுறுத்தும் கோடைக் கோச்சிங் நோட்டீஸ்களை ஆகவே நான் மடித்துப் பொட்டலம் கட்டத்தான் வைத்துக்கொள்கிறேன்.

நம் ஊரிலேயே ஒரு மாபெரும் விடுமுறை, யாரும் கேட்காமல் வந்தது. 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது பள்ளம் பெரிதாக இருந்தது. மொழியில் இருந்ததைப் போல் கணக்கில் இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்து ஆறே மாதத்தில் பள்ளத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. மாலை நேரத்தில் தெருவிலேயே தன்னார்வலர்கள் நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’க்கு அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு. ஒன்றரை வருடத்துக்கும் மேலாக விட்டுப்போனதில் பெரும்பகுதி ஆறு மாதத்தில் திரும்புகிறது என்றால், விட்டுப்போன எல்லாமும் அழிந்துபோகவில்லை என்று கொஞ்சமாவது சந்தேகப்படலாம்.

மறந்ததில் மிச்சம்

அந்தச் சந்தேகத்துக்கு முதலில் எண் கொடுத்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவருடைய சோதனைக்கூடம் அவர் தலைதான். அர்த்தமே இல்லாத அசைகளைக் கோத்து, தப்பில்லாமல் ஒப்பிக்கும்வரை மனப்பாடம் செய்வார். பிறகு விட்டுவிடுவார். சில மணி நேரமோ சில நாளோ கழித்து அதே கோவையை மறுபடி மனப்பாடம் செய்வார். இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் குறைவாகப் பிடித்தது என்று குறித்துக்கொள்வார். அப்படிக் குறைந்த நேரத்தை இந்த அத்தியாயத்தில் ‘மிச்சம்’ என்று சொல்வோம். 1885-ல் வந்த அவர் நூலின்படி, ஒரு மணி நேரத்திலேயே மிச்சம் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்றில் ஒன்று. ஆனால் 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது.

அர்த்தமில்லாத அசைக்கே அவ்வளவு மிச்சம். வாய்விட்டுக் கேட்டால் சொல்லத் தெரியாத நிலையிலும் தலைக்குள் ஏதோ தங்கியிருக்கிறது, அது மறுபடி கற்கும்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. பென்சிலைக் கடிக்கும் நம் பிள்ளையும் ஏப்ரலுக்கு முந்தைய நிலைக்குப் போய்விடவில்லை. முதல் தடவை மூன்று வாரம் பிடித்ததை இப்போது மூன்று நாளில் பிடித்துவிடக்கூடும்.

இனி சைக்கிளுக்கு வருவோம். அதை உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது என்பார்கள். உண்மைதான்; உடம்பால் பழகிய வித்தைகளை மூளை வேறு வழியில் சேமிக்கிறது. ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, அதுதான் நமக்கு வேண்டியது. சைக்கிளில் தப்பாகச் சாய்ந்தால் விழுவோம், முட்டி சிராய்க்கும், தப்பு அந்த நொடியே தெரிந்துவிடும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் அப்படித்தான், வீட்டுக்கு வந்தால் திட்டு விழும். 344 என்று எழுதிய பிள்ளை எங்கே விழுந்தது? எங்கும் இல்லை. சிவப்பு மையில் தப்புக் குறி வரும்வரை அந்த விடை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

எடைச் சீட்டு

சாத்தாங்காட்டில் சரக்கு ஏற்ற வரும் லாரி எடைமேடையில் இரண்டு தடவை ஏறும். போர்டில் எடைமேடை, வாயில் வருவது வே பிரிட்ஜ். ஏற்றுவதற்கு முன் காலியாக ஒரு தடவை, ஏற்றிய பின் ஒரு தடவை. இரண்டையும் அச்சடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு கிழித்துத் தருவார்கள். கவனியுங்கள், சரக்கை மட்டும் தனியாக யாரும் எடை போடவில்லை. லாரியோடு சேர்த்துப் போட்டதில் லாரியைக் கழித்தால் கிடைப்பதுதான் சரக்கு. லட்சக்கணக்கில் பணம் கைமாறுவது அந்த ஒரு கழித்தலை நம்பித்தான்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம்; எண்களும் நான் போட்டவை. அப்பா லாரி ஓட்டுகிறார். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறுக்குப் போக வேண்டியவள். அப்பாவின் சட்டைப்பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுக்கிறாள். வியர்வையில் கடைசி வரி அழிந்திருக்கிறது.

லோடு வண்டி: 24,030 கிலோ
காலி வண்டி: 9,480 கிலோ
சரக்கு:

நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, வலது ஓரத்திலிருந்து தொடங்குகிறாள். பூஜ்யத்தில் பூஜ்யம் போனால் பூஜ்யம். மூன்று, எட்டு: ஐந்து. பூஜ்யம், நாலு: நாலு. நாலு, ஒன்பது: ஐந்து. இரண்டை அப்படியே இறக்கு. விடை 25,450.

அப்பா எட்டிப் பார்க்கிறார். "இன்னாமா இது? லோடோட சேத்தே இருபத்திநாலு டன்னுதான் கீது. உள்ள இருக்கிற சரக்கு மட்டும் இருபத்தஞ்சு டன்னா? அப்ப வண்டி காத்துலயா நிக்குது?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இதோ, சைக்கிளிலிருந்து விழுந்தாயிற்று. முட்டி சிராய்த்தது, ஆனால் யாரும் தள்ளிவிடவில்லை, எண்ணே தள்ளிவிட்டது.

அவள் போட்டதை மறுபடி பாருங்கள். வாய்க்கு வந்ததை எழுதவில்லை. ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. 503, 247 கணக்கில் 344 வந்ததும் இதே வழியில்தான். 1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு பேர் பிள்ளைகளின் கழித்தல் விடைகளைக் கணினியின் துணையோடு ஆராய்ந்தார்கள். தப்பு விடைகளில் பல, கவனக்குறைவால் வந்தவை அல்ல. ஒரு தப்பான விதியைக் கொஞ்சமும் பிசகாமல் கடைப்பிடித்ததால் வந்தவை. கணினிக்காரர்கள் தங்கள் நிரலில் ஒளிந்திருக்கும் பிழையைப் பூச்சி என்பார்கள். அதே பெயரை இவர்கள் இதற்கும் வைத்தார்கள்.

விடுமுறையில் நடந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். கழித்தல் முறை முழுவதும் போகவில்லை. பத்தி பத்தியாக எழுத வேண்டும், வலப்புறம் தொடங்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு படி கழன்று விழுந்துவிட்டது: மேலே போதாவிட்டால் பக்கத்து இடத்திலிருந்து மாற்றிக்கொள்ளும் படி. பாடப்புத்தகம் இனமாற்றம் என்கிறது, பிள்ளைகள் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது என்கிறார்கள். படி கழன்ற இடத்தில் பிள்ளை தானே ஒரு ஒட்டுப் போட்டுக்கொள்கிறது. ஒட்டுத்துணி நாம் கொடுத்ததுதான். ‘சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது, பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும்’ என்று சின்ன வகுப்பில் சொல்லிவைத்தோமே.

அப்பா நோட்டைத் தொடவில்லை. "ஒம்போதாயிரத்தி நானூத்தி எம்பது. ஒரு இருபது போட்டா ஒம்போதாயிரத்தி ஐநூறு. இன்னொரு ஐநூறு, பத்தாயிரம். பத்துலேர்ந்து இருபத்திநாலுக்கு பதினாலு. மேல ஒரு முப்பது." மடக்கிய விரல்களைத் திறந்து சேர்க்கிறார்: பதினாலாயிரம், ஐநூறு, இருபது, முப்பது. பதினாலாயிரத்து ஐநூற்று ஐம்பது கிலோ.

இதில் கடன் இல்லை. பூஜ்யமும் இல்லை! 24,030-ல் நூறின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பூஜ்யம்தான் நோட்டில் பிள்ளையைக் கவிழ்ப்பது. வாயால் சொன்னால் அது ‘இருபத்து நாலாயிரத்து முப்பது’. நூறு என்ற பேச்சே எழுவதில்லை. இன்னொன்று, வாய்க்கணக்கில் விடையைச் சேர்ப்பது ஆயிரத்தில் தொடங்குகிறது, நோட்டுக் கணக்கு ஒன்றில் தொடங்குகிறது. ஆயிரத்தில் தொடங்குகிறவர் கடைசியில் சறுக்கினாலும் இருபது, முப்பது கிலோவில் சறுக்குவார். ஒன்றில் தொடங்குகிறவருக்குத் தான் எங்கே போய்ச் சேர்கிறோம் என்பது இடது ஓர இலக்கத்தை எழுதும்வரை தெரியாது.

அதற்காக அப்பா கட்சி ஜெயித்தது என்று கைதட்டிவிட வேண்டாம். நாற்பது சீட்டைக் கொடுத்து மொத்தம் கேட்டால் அவருக்கு மூச்சுவாங்கும், நடுவில் யாராவது போன் பண்ணினால் எல்லாம் போச்சு. நோட்டு முறை எண் எவ்வளவு நீளமானாலும் சளைக்காது, எழுதியது நிற்கும், இன்னொருவர் சரிபார்க்கலாம். ஆகவே மகள் நோட்டுக்கே திரும்பட்டும், ஆனால் கடன் என்ற சொல் இல்லாமல். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. வாங்குகிறார்களே தவிர, யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அவள் ஊர்ப் பேச்சில் கட்டுப் பிரிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பத்துக்கிலோக் கட்டிலிருந்து எட்டு எடுக்க முடியாது. பக்கத்தில் நூறுகிலோக் கட்டு ஒன்றும் இல்லை. ஆகவே நான்கு ஆயிரங்கிலோக் கட்டில் ஒன்றைப் பிரித்தால் பத்து நூறுகிலோக் கட்டு. அதில் ஒன்றைப் பிரித்தால் பத்து பத்துக்கிலோக் கட்டு. இப்போது பத்தின் இடத்தில் பதின்மூன்று, எட்டு போக ஐந்து. நூறின் இடத்தில் ஒன்பது, நாலு போக ஐந்து. ஆயிரத்தில் மிஞ்சிய மூன்றில் ஒன்பது போகாது. பத்தாயிரங்கிலோக் கட்டு ஒன்றைப் பிரித்தால் பதின்மூன்று, ஒன்பது போக நாலு. கடைசியில் ஒன்று. 14,550. அப்பாவின் விரலும் மகளின் நோட்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

தேங்காய் விற்ற பையன்

இரண்டு கணக்கும் இப்படி ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வது அபூர்வம். பிரேசிலில் ரெசிஃபே என்ற துறைமுக நகரம். 1980-களில் தெரெசினா நூனிஸ், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் அங்கே தெருவில் விற்கும் பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்ச் சாமான் வாங்கினார்கள். தேங்காய் ஒன்று 35 குருசேரோ, நாலு வேண்டும் என்றதும் பன்னிரண்டு வயதுப் பையன் மூன்றுக்கு நூற்றைந்து, மேலே முப்பது, மேலே ஐந்து என்று கூட்டி 140 என்றான். பிறகு அதே பையனிடம் தாளும் பென்சிலும் கொடுத்து 35-ஐ நாலால் பெருக்கு என்றார்கள். அவன் விடை 200. நாலைந்து இருபது, இரண்டு மனதில். அந்த இரண்டை மூன்றோடு முதலிலேயே கூட்டி ஐந்தாக்கி, பிறகு நாலால் பெருக்கிவிட்டான். இதுவும் பூச்சிதான். தெருவில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்ன பிள்ளைகள், வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். சோதித்தது ஐந்தே பிள்ளைகளை. அப்படியும் ஆய்வு உலகப் புகழ் பெற்றது, ஏனென்றால் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பையனை எங்கோ பார்த்த ஞாபகம்.

நாற்பது ஆண்டு கழித்து நம் நாட்டிலேயே பெரிய அளவில் செய்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்து 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். சந்தையில் சிக்கலான கணக்கை மனதிலேயே முடிக்கும் பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாணியில் எழுதிக் காட்டினால் தடுமாறினார்கள். இதன் மறுபாதியைத்தான் நான் பலருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சந்தை அனுபவமே இல்லாத 471 பள்ளிப் பிள்ளைகளில், சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் போட்டுவிட்ட ஒரு கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் ஒரு சதவீதம். தாளில் நீளமாக எழுதி எழுதி, எங்கே கூட்டுவது எங்கே பெருக்குவது என்று தெரியாமல் நின்றார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை விடுமுறையில் கடைக்கு வேலைக்கு அனுப்பலாம் என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கு என் கும்பிடு. சந்தையில் நிற்கும் பிள்ளை பள்ளியை இழக்கிறது, அந்த இழப்புக்கு எந்த வாய்க்கணக்கும் ஈடாகாது. இரும்பு அங்காடி பிள்ளைகள் நடமாடும் இடமும் இல்லை. வீட்டுக்கு வர வேண்டியது சீட்டு மட்டும்தான்.

மணலும் சுவடியும்

நம் பழைய திண்ணைப் பள்ளியில் வாய்க்கணக்குக்கும் எழுத்துக் கணக்குக்கும் நடுவே இவ்வளவு பிளவு இல்லை. மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றிய கணித வரலாற்றாளர் செந்தில்பாபு இதை விரிவாக எழுதியிருக்கிறார். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி 320-ல் ஒரு பங்கான முந்திரி வரை வாய்ப்பாடு உண்டு. உழக்கு, நாழி, குறுணி, கலம் என்று நெல் அளவைக்குத் தனிச் சுவடி. பிரம்படி இல்லாமல் அது நடக்கவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் திண்ணையில் இடமும் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எண் ஒருபோதும் தனியாக வரவில்லை. நெல்லோடோ பொன்னோடோ நிலத்தோடோ வந்தது. விடை கலத்தில் வர வேண்டியது உழக்கில் வந்தால் பையனே திடுக்கிடுவான்.

பத்து நிமிஷம்

விடுமுறையில் நூறு கழித்தல் கணக்கை எழுதிக் கொடுத்து, போட்டு முடித்தால்தான் டிவி என்கிற பெற்றோர்கள் உண்டு. அதில் பாதிக் கணக்கு வீண். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நாலு வகை உருவங்களின் கன அளவு காணும் கணக்கு. ஒரு குழுவுக்கு ஒரே வகையை அடுத்தடுத்து, இன்னொரு குழுவுக்கு எல்லா வகையையும் கலந்து. பயிற்சியின்போது ஒரே வகைக்காரர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் ஒரே வகைக்காரர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. ஏப்ரலில் இருபதுக்கு இருபது வாங்கிய பிள்ளையின் கதை இதற்குள் இருக்கிறது. எல்லாமே கழித்தல் என்று தெரிந்த தாளில் எதைச் செய்வது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

இடைவெளிக்கும் இதே நியாயம். 1,354 பேரை வைத்து நிக்கோலஸ் செபேடாவும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் விட்டுத் திரும்பப் படிப்பது போதுமாக இருந்தது. பல மாதம் கழித்துத் தேர்வு என்றால் மூன்று வாரம் வரை விட்டுப் படித்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். கொஞ்சம் மறக்கவிட்டு, பிறகு நோட்டைப் பார்க்காமல் தலைக்குள்ளிருந்து இழுப்பதுதான் பலன் தருகிறது. விடுமுறை அந்த மறதியை இலவசமாகவே தருகிறது. பயந்துகொண்டு தினமும் ஒப்பிக்க வைத்தால் அதுவும் கெட்டது.

ஆக, வாரத்துக்கு இரண்டோ மூன்றோ நாள், பத்து நிமிஷம், நாலைந்து கணக்கு. ஒன்று கழித்தல் என்றால் அடுத்தது வகுத்தல். தாளைத் தொடும் முன் சுமாராக எவ்வளவு வரும் என்று வாயால் ஒரு எண் சொல்ல வேண்டும். போட்ட விடை அதற்குப் பக்கத்தில் இல்லையென்றால் இரண்டில் ஒன்று பொய். சீட்டு கிடைக்காத வீட்டில் கரண்ட் மீட்டர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். இன்றைய ரீடிங்கில் போன ரீடிங் போக எத்தனை யூனிட்? இலவச யூனிட்டைக் கழித்தால் மீதி எவ்வளவு? லாரியைக் கழித்துச் சரக்கைக் காண்பதும் போன ரீடிங்கைக் கழித்து யூனிட்டைக் காண்பதும் ஒரே கணக்கு என்று பிள்ளை தானாகச் சொல்லும் நாள் வந்தால், அன்றைக்கு வேறு கணக்கு வேண்டாம்.

எந்தப் படி கழன்றது என்று பார்க்காமல் பயிற்சி கொடுக்கக் கூடாது. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது. எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிடப் பிள்ளைக்கு எதுவரை வருகிறது என்பதுதான் கணக்கு. வீட்டில் அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 344 வந்தால், ‘தப்பு’ என்பதற்குப் பதில், ‘எப்படி வந்தது, சொல்லு’ என்று கேட்டால் பூச்சி தானே வெளியே வரும். கேட்டுவிட்டு நடுவில் குறுக்கே பேசாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். நான் என் வீட்டிலேயே பல தடவை தோற்றிருக்கிறேன்.

சீட்டு அப்பாவின் பைக்குள் திரும்பிப் போயாயிற்று. மகள் விடவில்லை, வண்டியில் என்ன ஏற்றினீர்கள் என்கிறாள். கம்பி. எட்டு எம்எம்மும் பதினாறு எம்எம்மும். இரண்டும் 12 மீட்டர் நீளம். எட்டு எம்எம் கம்பி ஒன்று ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ. "அப்ப பதினாறு எம்எம் எவ்ளோ இருக்கும், சொல்லு பாக்கலாம்." அவள் யோசிக்கவே இல்லை, இரண்டு மடங்கு, ஒன்பதரை என்கிறாள். அப்பா தலையாட்டி மறுக்கிறார். பத்தொன்பது கிலோ, தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியும். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மகள் நோட்டைத் திருப்பி, கட்டம் போட்ட பக்கத்தில் எட்டுக்கு எட்டாக ஒரு சதுரம் வரைகிறாள். பக்கத்திலேயே பதினாறுக்குப் பதினாறாக இன்னொன்றைத் தொடங்கி, சின்னச் சதுரம் அதற்குள் எத்தனை தடவை அடங்கும் என்று விரலை வைத்து எண்ணுகிறாள்.